அவளிடம் சொல்ல வேண்டாம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிருக்கும் இட்லி மாவுக்கும் நடுவே என் மகளின் எச்சில் இருந்தது. விரல் அளவு பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் அவள் மென்று துப்பிய பஞ்சு. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

"எச்சிய எடுத்து வெச்சிக்கினு இன்னா ஆராய்ச்சி?" என்று என் மனைவி தினமும் கேட்டாள். "இதே ஃப்ரிட்ஜ்லதான் சாமிக்கு வாங்கின பூவும் இருக்குது."

"நக்கோ மா. ஒரு டப்பாக்குள்ள போட்டு வை. பூவுக்கு ஒண்ணும் ஆவாது" என்பாள் மகள். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் நக்கோ.

அவளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளையல் போட்டு, மல்காஜ்கிரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். மாப்பிள்ளை கோயம்புத்தூர்ப் பையன், ஐடி வேலை, மியாபூரில் இருந்துகொண்டு சனி ஞாயிறு வருவார். ஹப்சிகுடாவில் அவள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில், கர்ப்பமாக இருக்கும் பெண்களின் மன அழுத்தம் அவர்கள் உடம்பையும் குழந்தையையும் என்ன செய்கிறது என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. மனோதத்துவம் படித்த ஒரு தெலுங்குப் பெண் அதைச் செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பிரஷர் பார்ப்பாள், கேள்விகள் கேட்பாள், ஐஸ் வைத்த பையில் குப்பிகளை எடுத்துப் போவாள். மனம் கலங்கினால் உடம்பில் ஒரு சுரப்பு கூடுமாம், அது எச்சிலில் தெரியுமாம். என் மகள் தானாகவே இதில் சேர்ந்துகொண்டாள்.

நான் ரயில்வே பட்டறையில் வேலை செய்கிறவன். அரக்கோணத்திலிருந்து என் அப்பா இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்ததும் அதே பட்டறைக்குத்தான். பத்தாவது வரை படித்தேன். நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கல்யாண வீடுகளில் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றுகொள்வேன். அங்கே நின்றால் ஏதோ வேலை செய்கிற மாதிரி இருக்கும்.

அந்த ஆராய்ச்சியில் சேரக் காத்திருந்த பெஞ்சில்தான் என் மகளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். சைனிக்புரியில் இருக்கிற தெலுங்குப் பெண். இருவருக்கும் ஒரே மாதம். நாள் முழுக்க வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வார்கள். இன்றைக்கு எனக்கு நெஞ்செரிச்சல், உனக்கு? எனக்குக் கால் வீக்கம், உனக்கு? ஒருத்திக்குப் புளி பிடித்தால் மற்றவளுக்கும் பிடிக்கும். என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வளைகாப்புக்கு அந்தப் பெண் புருஷனோடு வந்திருந்தாள். தானும் வளையல் போடுகிறேன் என்று எழுந்து வந்தாள். என் மனைவியின் அக்கா கையைக் குறுக்கே நீட்டினாள். "பிள்ள பெத்தவங்கதான் போடணும். நீ இன்னும் பெக்கலியே." என் மகள் மொழிபெயர்க்காமல் விட்டுவிடப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து லட்டைக் கடித்துக்கொண்டு, "அடுத்த மாசம் என்னோடது. அப்போ உன்னையும் விடமாட்டேன், பார்" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கு அடுத்த வாரம் அவள் புருஷன் எனக்குப் போன் செய்தான். விசேஷத்துக்கு வழி கேட்டபோது என் நம்பர் அவனிடம் போயிருந்தது. நான் பட்டறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது, எடுத்துவிட்டார்கள் என்றான். நான் டப்பாவை மூடினேன். "உங்க பொண்ணுகிட்ட மெதுவா சொல்லிடுங்க அங்கிள். இவ இப்ப போனைத் தொடறதில்லை" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் மகள் குளித்துக்கொண்டிருந்தபோது சமையலறையில் கூடினோம். மாப்பிள்ளை போனில்.

"சொல்லவே கூடாது" என்றாள் மனைவி. "வாயும் வயிறுமா இருக்கிறவகிட்ட யாராவது இத சொல்லுவாங்களா? எங்க மாமா செத்ததயே எனக்கு இவ பொறந்தப்புறந்தான்..." என்று தொடங்கி, குழாய் நின்றுவிட்டதைக் கேட்டு நிறுத்தினாள். "இவ பொறந்தப்புறந்தான் சொன்னாங்க" என்று முணுமுணுப்பாக முடித்தாள்.

"ஆமாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "அவகிட்ட இப்போதைக்கு வேண்டாங்க. பிரசவம் ஆகட்டுங்க, நானே சொல்லிக்கறேன். அந்த ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குரூப்பையும் அவ போன்ல இருந்து எப்படியாச்சும் எடுத்துப்போடறேன்."

நான் தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்று மனைவி என்னை இடித்தாள். "சரிங்க மாப்ள" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது. சீரியலில் யாராவது அழத் தொடங்கினால் மனைவி சேனலை மாற்றுவாள். இப்போது எல்லா சீரியலிலும் எல்லாரும் எப்போதும் அழுகிறார்கள். கடைசியில் சமையல் நிகழ்ச்சியில் வந்து நிற்கும். காலைப் பேப்பரை நான் முதலில் பார்த்து, குழந்தை, ஆஸ்பத்திரி என்று ஏதாவது இருந்தால் அந்தத் தாளை மடித்து ஷெல்ஃபுக்கு அடியில் போடுவேன். ஒரு நாள் தெருவில் சாவு ஊர்வலம் போனது. தப்பட்டைச் சத்தம் முனையில் கேட்டதுமே மனைவி சமையலறைக்கு ஓடி மிக்ஸியைப் போட்டாள். உள்ளே ஒன்றுமில்லை. காலி மிக்ஸி வீடே அதிரும்படி ஓடியது.

"ஏம்மா காலி மிக்ஸிய ஓட்டற?" என்று மகள் வந்து நின்றாள்.

"பிளேடு சரியா சுத்துதான்னு பாக்கறேன்."

"இவ்ளோ நேரமா?"

"சுத்தறத பாத்தாதானே தெரியும். நீ போய் ஒக்காரு, நிக்காத."

மகள் என்னைப் பார்த்தாள். நான் பால் வாங்கப் போனேன். அன்று அது மூன்றாவது முறையோ நான்காவது முறையோ. வீட்டில் எனக்கு உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் அவள் ஏதாவது கேட்பாள்.

சிநேகிதி பதில் போடாதது அவளை அரித்தது. "வாரங்கல்ல அம்மா வீட்டுக்குப் போயிருப்பா. அங்க டவர் இருக்காது" என்றாள் மனைவி. "வாரங்கல் என்னா காடா? என்கிட்ட சொல்லாம போவாளா?" என்று மகள் திருப்பிக் கேட்டாள். பெரியம்மா வளையல் போட விடாததற்குக் கோபம் என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டு ஒரு நீள மெசேஜ் போட்டாள். அதற்கும் பதில் இல்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அடுத்த முறை ஆராய்ச்சிப் பெண் வந்து பிரஷர் பார்த்தபோது முன்பைவிட ஏறியிருந்தது. இன்னும் ஏறினால் படுக்கையில் சேர்க்க வேண்டிவரும், குழந்தைக்கும் நல்லதில்லை என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரையே கூப்டு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க" என்றாள் மனைவி. "அவ போட்ட மாதிரி. ஒண்ணே ஒண்ணு. இவ மனசு ஆறிடும்."

இப்படிப்பட்ட காரியங்களுக்கு நான் ஏற்றவன் இல்லை. ஆனால் அவன் நம்பர் என்னிடம்தான் இருந்தது. பட்டறைக்குப் பின்னால், பழைய சக்கரங்கள் போட்டுவைத்த இடத்தில் நின்று அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். "சரே அங்கிள்" என்றான்.

அன்று சாயங்காலம் மகளின் போனில் ஒரு சிரிக்கும் பொம்மை வந்தது. கூடவே, கொஞ்சம் பிஸி என்று ஒரு வரி. அவள் அதை எங்கள் இருவரிடமும் காட்டினாள். ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். மனைவி என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தக் குப்பிகளைப் பார்த்துவிட்டு மூடினேன். அவளுக்குத் தெரியாதது அவள் எச்சிலுக்குத் தெரிந்திருக்குமோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

அடுத்த முறை ஆராய்ச்சிப் பெண் வந்தபோது, வீட்டில் உள்ள ஒருவரும் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றாள். மனைவி அடுப்பில் வேலை என்று நழுவிவிட்டாள். மகள் உள்ளே படுத்திருந்தாள். நான் மாட்டிக்கொண்டேன்.

அவள் தெலுங்கில் கேட்டாள், நான் தெலுங்கில் சொன்னேன். நன்றாகத் தூங்குகிறாளா? வீட்டு வேலையில் உதவி இருக்கிறதா? இதெல்லாம் சரியாகப் போனது. எல்லாவற்றுக்கும் எப்போதும், பெரும்பாலும், சில சமயம், அபூர்வமாக, ஒருபோதும் இல்லை என்று ஐந்து பதில்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகு அவள், "வீட்டில் நடக்கிற விஷயங்களை அவளிடம் மறைக்காமல் பேசுகிறீர்களா?" என்று கேட்டாள்.

எப்போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. மற்ற நான்கும் வரவில்லை. அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"அம்மா" என்றேன். "ஒரு கெட்ட செய்தி இருக்கு. சொன்னா பிரஷர் ஏறுமா, சொல்லாம இருந்தா ஏறுமா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் அங்கிள் வீடு வீடா எச்சில் வாங்கிட்டு அலையறேன்?" என்று சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பேனாவை மூடினாள். "வேற ஒருத்தங்களைப் பத்தி நான் உங்ககிட்ட பேசக்கூடாது அங்கிள்."

நான் யாரைப் பற்றியும் சொல்லவே இல்லை. அந்தப் பெண்ணும் இதே ஆராய்ச்சியில் இருந்தவள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் சைனிக்புரி வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தவள்தானே. அந்த வீட்டில் இப்போது என்ன கேள்வி கேட்பாள்?

"இந்தக் கேள்வியை அப்புறம் எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குப்பிகளை எடுத்துக்கொண்டு போனாள்.

தினமும் சாயங்காலம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஸ்டேஷன் ரோடு வரை மகள் இடுப்பில் கை வைத்து நடப்பாள், நான் ஓரடி பின்னால் போவேன். அன்று பக்கத்தில் போய் நடந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு டெய்லர் கடை போயிற்று, ஒரு மெடிக்கல் ஷாப் போயிற்று. அடுத்த கடை வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்து நாலு கடை தாண்டிவிட்டேன்.

"என்னா ப்பா? கால் வலிக்குதா?"

"இல்ல பாப்பா. உன் ஃப்ரெண்டுக்கு... அந்தக் குழந்தை தங்கல."

அவள் நிற்கவில்லை. அதே வேகத்தில் நடந்தாள். நான் சொன்னது காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"எப்போ?"

"உனக்கு வளையல் போட்டமே, அதுக்கு அடுத்த வாரம்."

"இல்லியே. அவ மெசேஜ் போட்டாளே."

"அது அவ இல்ல. அவ வீட்டுக்காரர். நான்தான் போடச் சொன்னேன்."

இப்போது நின்றாள். மூடியிருந்த ஒரு கடையின் படியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். போனை எடுத்துத் தன் மெசேஜ்களை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நான் குனிந்து பார்த்தேன். அந்தச் சிரிக்கும் பொம்மைக்குப் பிறகு அவள் அனுப்பியவை. வயிற்றில் குழந்தை உதைக்கிற வீடியோ. ஸ்கேன் படம். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று எடுத்த போட்டோ. உன்னுடையது இப்போது எவ்வளவு பெரிசு, காட்டு, சோம்பேறி என்று கேலி. ஒவ்வொரு நாளும், ஒரு நாளில் பல முறை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நீல டிக்.

"பிள்ளையப் பறிகுடுத்தவளுக்கு நான் இதெல்லாம் அனுப்பிட்டிருந்தேன் ப்பா" என்றாள். "நீங்கல்லாம் பாத்துட்டிருந்தீங்க."

இதெல்லாம் அனுப்புகிறாள் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மைதான். சொன்னதும் அது ஒன்றுக்கும் உதவாத உண்மையாக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் என் மகளைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தோம். சைனிக்புரியில் அந்தப் போன் ஒவ்வொரு முறை ஒலித்தபோதும் அங்கே என்ன ஆகியிருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் மெதுவாகச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டது எதற்காக என்பதும் அந்தப் படியில்தான் எனக்குப் புரிந்தது.

"அவ வீட்டுக்காரர்கிட்ட போய் பொம்மை கேட்டியா ப்பா? அந்த நேரத்துல?"

நான் தண்ணீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் சிநேகிதிக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எனக்கு இப்போதுதான் தெரியும், தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று இரண்டு வரி எழுதிப் போட்டாள். ஆட்டோவில் திரும்பி வந்தோம். வழியில் அவள் அழவில்லை. அழுதால் தேவலை என்றிருந்தது எனக்கு.

மறுநாள் செக்கப்பில் பிரஷர் மிகவும் ஏறியிருந்தது. உடனே அட்மிட் செய்யச் சொன்னார்கள். மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மாப்பிள்ளை மட்டும், "ஏனுங்க மாமா, பிரசவம் வரைக்கும் பொறுத்திருக்கலாமுங்களே" என்று மெல்லக் கேட்டார். சொன்னதால் ஏறியதா, சொல்லாமல் இருந்தபோதே ஏறிக்கொண்டிருந்ததன் தொடர்ச்சியா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். இரண்டையும் சொல்ல முடியாது, இந்த வியாதி தானாகவும் வரும் என்றார். என் பேத்தி வீடு முழுக்கத் தவழ்ந்துகொண்டிருக்கிற இந்த நேரத்திலும் எனக்கு அது தெரியாது. வேலை நடுவில் திடீரென்று நினைவு வரும். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வருவேன்.

வார்டில் இரண்டாம் நாள் மத்தியானம் மகள் என்னைக் கைகாட்டி அழைத்தாள். போனில் ஒரு பதில் வந்திருந்தது. தெலுங்கை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தது. இப்போது பேச முடியாது, உன் படங்களைப் பார்க்கவும் முடியாது, பிறகு நானே கூப்பிடுகிறேன், நீ பத்திரம்.

"இது அவ" என்றாள் மகள். "படிச்சாலே தெரியுது." போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அப்போதுதான் கண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. நர்ஸ் வந்து, அழக்கூடாது என்று அதட்டினாள். "ஹவ், சரி சிஸ்டர், அழல" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா எங்கள் மூவரையும் வராண்டாவுக்குக் கூப்பிட்டார். பிரஷர் இறங்கவில்லை, இனிமேல் காத்திருப்பது தாய்க்கு ஆபத்து, இன்றைக்கே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்க வேண்டும், சிறியதாகத்தான் இருக்கும் என்றார். தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு வந்து மகளிடம் பேசுவதாகச் சொல்லிப் போனார்.

மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "இப்பவே போயி இன்னாத்தயாவது ஒளறாதீங்க. பயந்துடுவா."

"ஸ்கேன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிரலாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "உள்ள போனதுக்கப்புறம் டாக்டரே பாத்துக்குவாங்க." அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மனைவி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். விட்டுவிட்டாள்.

"என்னா சொன்னாங்க?" என்று மகள் கேட்டாள்.

"இன்னிக்கே ஆபரேஷன் பாப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல."

"பாப்பாவுக்கு?"

"சின்னதா இருக்குமாம். கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பாப்பாங்களாம். எத்தினி நாள்னு தெரியாதாம்."

அவள் வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் யாரோ கேரியரைத் திறந்தார்கள், குழம்பு வாசனை வந்தது.

"வேற ஏதாவது இருக்கா?"

"வேற இல்ல. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சரிபார்க்கிறாள் என்று தெரிந்தது. நானும் பார்வையைத் திருப்பாமல் நின்றேன்.

"அம்மாவைக் கூப்டு. ஆபரேஷனுக்கு ரெண்டு சடை போட்டுத்தான் அனுப்புவாங்க."

மனைவி வந்தாள். "சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். "சொல்லிட்டாரு" என்றாள் மகள். மனைவி என்னைப் பார்க்காமல் பையிலிருந்து சீப்பை எடுத்து, மகளின் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"தலைய பாரு, இன்னா சிக்கு. எண்ணெ வெச்சு எத்தினி நாளாவுது."

"மெதுவா மா. பிரஷர் ஏறிடப் போவுது."

மனைவி ஒரு சடையைப் பின்னி முடித்திருந்தாள். சீப்பை மடியில் வைத்துவிட்டு அழுதாள். மகள் திரும்பவில்லை, தலையை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்து முடியைக் கையில் எடுத்தாள்.